அப்பா பெயர் எழுதிய தொட்டி

அண்ணன் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டார். முழங்கால் உயரத் தொட்டிதான். அதன் வயிற்றில் நீலப் பெயிண்டில் எங்கள் அப்பாவின் பெயர் 'அங்கமுத்து' என்று எழுதியிருந்தது. பெயர்மேல் கால் பட்டுவிடக் கூடாதென்று இரண்டு காலையும் அகட்டி ஊன்றியிருந்தார். அந்தக் கோபத்திலும் அதை மறக்கவில்லை.

எதிரே என் மனைவி தனக்கொடி நின்றாள். கல்லூரியில் புவியியல் பேராசிரியை. அன்றைக்குக் கையில் கடப்பாரை.

"மொதல்ல என்னய இடி. அப்பறம் எங்கப்பாவ இடி" என்றார் அண்ணன்.

"இடிக்க வரல மாமா. எடுத்து உள்ள தள்ளி வைக்கப் போறோம்."

"எடுத்து எடுத்து வைக்கிறதுக்கு அவரு என்ன பூந்தொட்டியா?"

டிராக்டரில் உட்கார்ந்திருந்த சின்னதுரை சிரித்துவிட்டான். வேறு யாரும் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டான்.

நான் ரோட்டோரப் புளியமரத்தடியில் நின்றேன். அண்ணனுக்கும் மனைவிக்கும் நடுவில், யார் பக்கமும் சாயாமல். யார் பக்கம் ஓரடி கூடுதலாக நின்றாலும் மற்றவர் அதை ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார் என்ற பயம்.

விஷயம் இதுதான். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற ரோட்டில், எங்கள் ஊரைத் தாண்டிய காட்டோரத்தில், மான்கள் குடிக்கவென்று ஊர்க்காரர்கள் தண்ணீர்த் தொட்டிகள் வைத்திருந்தோம். வைத்த இடம் தப்பு. கோடை முற்றுவதற்குள் அத்தனையையும் காட்டுக்குள் மாற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் மான்கள் செத்துக்கொண்டே இருக்கும். முதலில் வைத்தது எங்கள் அப்பா தொட்டி. அது நகர்ந்தால்தான் மற்ற குடும்பத்தார் சம்மதிப்பார்கள். அதன்மேல்தான் அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

வாரா வாரம் பத்திரிகையில் நான் எழுதுகிற இந்தத் தொடரில் போன வாரமே இதை எழுதியிருக்க வேண்டும். வௌவால் கதையிலேயே இடம் போய்விட்டது. அதைப் படித்த ஜெயங்கொண்டத்து வாசகர் ஒருவர் போன் செய்து, "ஏங்க, நீங்க எழுதறது உங்க கதையா, உங்க சம்சாரம் கதையா?" என்று கேட்டார்.  என் கதையில் பாதி, அவள் பின்னால் பயந்துகொண்டே போனதுதான்.

கயிற்றின் மறுமுனை

நான் ஒன்பதாவதோடு நின்றவன். வறுமை நிறுத்தியது என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். நிறுத்தியது பயம். அரைப் பரீட்சையில் இந்தியா மேப்பைக் கொடுத்து ஆறுகளைக் குறிக்கச் சொன்னார்கள். காவிரி எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? கை நடுங்கி, ஆறு கடலுக்குப் போகாமல் கேரளாவுக்கு ஏறிவிட்டது. பேப்பரை வைத்துவிட்டு எழுந்து வந்தவன் அப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை.

அப்படிப்பட்டவனுக்கு வாய்த்த பெண்டாட்டிக்குப் புவியியல் வாய்த்தது. கல்யாணத்தின்போது அவள் பன்னிரண்டாவது முடித்திருந்தாள். "மேல படிக்கணும்" என்றாள். "படி" என்றேன். பெரிய மனசெல்லாம் இல்லை. வேண்டாமென்றால் சண்டை வருமே என்ற பயம். காலேஜில் அவள் கேட்ட பாடத்தில் இடம் இல்லை. புவியியலில் மட்டும் இருந்தது. மிச்சமிருந்ததில் சேர்ந்தவள், அதையே பிடித்துக்கொண்டு டாக்டர் பட்டம்வரை ஏறிப்போய்விட்டாள்.

நான் சிமெண்ட் உறை வார்க்கிற பட்டறை வைத்தேன். கிணற்றுக்கும் கக்கூஸ் குழிக்கும் இறக்குகிற வட்ட உறை. வார்ப்பது, நனைப்பது, காயவைப்பது, உருட்டி வண்டியேற்றுவது. நடுங்குகிற கைக்கு ஏற்ற தொழில். வட்டம் அச்சிலேயே இருக்கிறது, நான் வரைய வேண்டியதில்லை.

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டி எடுத்துவிட்டுக் கைவிட்ட குழிகள் உண்டு. மழைத்தண்ணீர் நின்று பச்சையாக, அடி தெரியாமல் கிடக்கும். அந்தக் குழிகளுக்கு யார் குடிவருகிறார்கள் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. மனுஷன் தோண்டிவிட்டுப் போன இடத்தில் கொம்பன் ஆந்தை குஞ்சு பொரிக்கிறது, மீன்கொத்தி சுவரில் பொந்து போடுகிறது என்று அவள் வந்து சொல்லும்போது முகம் புதுப்பெண் மாதிரி இருக்கும். எனக்கோ அந்த முகம் கண்ணில் நிற்காது. அவள் குழி விளிம்பில் குப்புறப் படுத்து எட்டிப் பார்க்கிறதுதான் தெரியும்.

அதனால் ஒரு காரியம் செய்தேன். பட்டறையில் உறை இறக்குகிற கயிற்றை அவள் இடுப்பில் கட்டி, மறுமுனையை நான் பிடித்துக்கொண்டு வேப்பங்கன்று நிழலில் உட்கார்ந்துவிடுவேன். அவள் நகர நகரக் கயிற்றை விடுவேன். அவள் திரும்பினால் சுருட்டுவேன்.

ஒருநாள் திருச்சியிலிருந்து அவளுடைய ஆராய்ச்சிக் கைடு வந்துவிட்டார். எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னம்மா இது, ஆராய்ச்சி பண்றியா, மேய்ச்சலுக்குக் கட்டியிருக்காரா?"

எனக்கு உயிரே போய்விட்டது. அவள் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டாள்.

"சார், அவரு பயத்த அவரு புடிச்சிருக்காரு. என் வேலய நான் பாக்கறேன். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு இடிக்கல சார்."

ஆராய்ச்சி இங்கிலீஷ் புத்தகமாக வந்தபோது, முன்பக்கத்தில் நன்றி சொல்கிற இடத்தில் கடைசியாக ஒரு வரி இருந்தது. பக்கத்து வீட்டுப் பையனைப் படித்துச் சொல்லச் சொன்னேன். 'கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்த என் கணவருக்கு' என்றான். அவனை மறுபடி படிக்கச் சொன்னேன்.

டவுன் எங்கே முடிகிறது

வேலை கிடைத்தபின் பெரம்பலூர் டவுனைப் பிடித்துக்கொண்டாள். காட்டைப் பார்த்தாலும் அர்த்தம் உண்டு, டவுனில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அவளுக்கு டவுனும் ஒரு காடு. எந்தத் தெருவில் சிட்டுக்குருவி இருக்கிறது, எந்த மண்டபத்துக் கூரையில் கூகை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை மேலே பருந்து எத்தனை மணிக்குக் கூடுகிறது, எல்லாம் பார்த்தாள்.

அதில் ஒன்று கோழிக் கழிவு. கடைகளிலிருந்து டிரம்மில் ஏற்றிக்கொண்டு போய் எங்கே கொட்டுகிறார்கள் என்று ஸ்கூட்டியில் பின்னாலேயே போவாள். ஒரு கடைக்காரர் வண்டியை நிறுத்திக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மேடம், ஒரு கோழிய உரிச்சே தந்துடறேன். இப்படிப் பின்னாடியே வராதீங்க. எம் பொண்ணப் பாக்க வந்தவங்க தப்பா நெனக்கிறாங்க."

காலேஜ் பிள்ளைகள் அவளுக்குக் 'கோழி மேடம்' என்று பெயர் வைத்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. அவள் கவலைப்படவில்லை.

"ஊர் எல்லை போர்டோட டவுனு முடிஞ்சிடுதுன்னு நெனக்கிறோம் பாருங்க, அதான் தப்பு" என்றாள் என்னிடம். "கோழிக் குடலு கொட்டுற எடம் வரைக்கும் டவுனுதான். அது பின்னாடி போற நாயி நிக்கிற எடம் வரைக்கும் டவுனுதான்."

நான் தலையாட்டினேன். எனக்கு அப்போது இதெல்லாம் பேச்சு. பின்னாடி இது எங்கள் வீட்டுக்கே வரும் என்று தெரியாது.

சுவரில் ஒட்டிய பொட்டு

எங்கள் பக்கத்துக் காடு பெரிய காடு இல்லை. முள்ளும் பாறையும் குட்டை மரமும். அதில் புள்ளிமான்கள் உண்டு. கோடையில் குட்டை வற்றியதும் தண்ணீர் தேடி ரோட்டைத் தாண்டி வயல் பக்கம் வரும். கல் ஏற்றின லாரியில் அடிபடும். சுற்றுச்சுவர் இல்லாத கிணற்றில் விழும்.

தனக்கொடி எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் பெரிய மேப் ஒன்றை மாட்டினாள். எங்காவது மான் செத்தது என்று தெரிந்தால், போய்ப் பார்த்துவிட்டு வந்து, அந்த இடத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுவாள். ரோட்டில் அடிபட்டால் சிவப்பு. கிணற்றில் விழுந்தால் கறுப்பு. நாய் கடித்துச் செத்தால் பச்சை. பொட்டு வாங்கி வருவது என் வேலை. "அண்ணிக்குப் பொட்டுன்னா அவ்ளோ ஆசையா?" என்று ஃபேன்சி ஸ்டோர் பெண் கேட்பாள். கறுப்பிலும் ஒரு பாக்கெட் கேட்பேன்.

வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அந்த மேப்பைத்தான் பார்ப்பார்கள். "ஏன் தம்பி, இது என்ன அம்மனுக்கு வேண்டுதலா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். செத்த மான்கள் என்றதும் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். வீட்டில் துக்கத்தை ஒட்டி வைத்திருக்கிறோமே, ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்கும் ராத்திரி தூக்கம் வராது. அவளிடம் சொன்னேன். "ஒட்டாம விட்டா மட்டும் சாகாம இருக்குமா?" என்றாள்.

சிவப்புப் பொட்டு அரியலூர் ரோட்டு ஓரமாகவே வரிசையாக நின்றது. அதைப் பார்த்துத்தான் அவளுக்குத் தொட்டி யோசனை வந்தது. ரோட்டுக்கு இந்தப் பக்கமே, காட்டுக்குள்ளேயே தண்ணீர் இருந்தால் மான் ஏன் ரோட்டைத் தாண்டப்போகிறது?

பெயர் வைக்கிற பழக்கம்

எங்கள் ஊரில் ஒருவர் போய்விட்டால், வருஷம் திரும்புவதற்குள் அவர் பெயரில் ஏதாவது ஒன்று வைப்பார்கள். பஸ் ஸ்டாப்பில் சிமெண்ட் பெஞ்சு. கோவிலில் குத்துவிளக்கு. ஒரு வீட்டில் மண்டபத்து ஃபேன் வாங்கிக் கொடுத்து, இறக்கைக்கு ஒரு சொல்லாகத் தாத்தா பெயரை எழுதினார்கள். ஃபேன் ஓடாதபோதுதான் படிக்க முடியும்.

அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிற நேரம். அவர் அடுத்தவர் நிலத்தில் பருத்திக்கும் சோளத்துக்கும் பாடுபட்டே போனவர். எங்கேயும் அவர் பெயர் எழுதியிருந்ததில்லை. பட்டாவில் இல்லை, பத்திரத்தில் இல்லை. அண்ணனுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் அரியலூர்க் குவாரியிலிருந்து கல் ஓட்டுகிற டிப்பர் லாரி டிரைவர். தனக்கொடி தொட்டி பற்றிச் சொன்னதும் பிடித்துக்கொண்டார்.

"நம்மப்பா பேருல வைப்போம் புள்ள. தண்ணி குடுத்தா எவ்ளோ புண்ணியம்."

வனத்துறையில் அனுமதி கேட்டாள், கிடைத்தது. குட்டி மானும் எட்டிக் குடிக்கிறமாதிரி நான் குட்டையாக ஓர் உறை வார்த்து, அடியை மூடினேன். வைக்கிற இடத்தில்தான் பேச்சு வந்தது.

தனக்கொடி காட்டுக்குள், பாறை அடிவாரத்தில் என்றாள்.

"அங்க வச்சா யாரு படிப்பா?" என்றார் அண்ணன். "ரோட்டோரமா, ரோட்டப் பாத்தமாதிரி வை. தண்ணி வண்டியும் வரலாம். நாலு பேரு போறப்ப வர்றப்ப பேரப் பாப்பான்ல?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அண்ணன் முகம் அப்பா போனபிறகு முதல்தடவையாகத் தெளிந்திருந்தது. அவள் "சரி மாமா" என்றாள்.

அதைப் பார்த்து மற்ற குடும்பத்தாரும் வந்தார்கள். அவரவர் அப்பாவுக்கு, மாமியாருக்கு, இளவயதில் போன பிள்ளைக்கு. எல்லாம் ரோட்டைப் பார்த்தபடி. அண்ணன் ஒவ்வோர் அமாவாசைக்கும் லாரியை ஓரங்கட்டிவிட்டு, கேனில் தண்ணீர் கொண்டுவந்து தன் கையால் ஊற்றி, தொட்டிக்கு ஒரு முழம் பூப் போட்டுவிட்டுப் போவார்.

அந்தக் கோடையில் சிவப்புப் பொட்டு குறைந்துவிட்டது. தனக்கொடி வனத்துறை ஆபீஸுக்கு லட்டு வாங்கிக்கொண்டு போனாள். என் மனதும் கொஞ்சம் அடங்கியது. மனது அடங்கினால்தான் எனக்குப் பயம் ஜாஸ்தியாகும்.

மாலை

அடுத்த கோடையின் தொடக்கத்தில் ஒரு காலை. நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். தனக்கொடி முந்தின நாள் பார்த்துவிட்டு வந்த மானுக்குப் பச்சைப் பொட்டு ஒட்டினாள். ஒட்டிவிட்டு நகரவில்லை. கண்ணாடியைக் கழற்றினாள், துடைத்தாள், போட்டாள். மறுபடி கழற்றினாள்.

"என்னம்மா?"

"இங்க வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். தொட்டிகள் இருக்கிற இடங்களில் அவள் பேனாவால் சின்ன வட்டம் போட்டிருந்தாள். அந்த வட்டங்களைச் சுற்றிப் பச்சைப் பொட்டுகள். ஒன்றிரண்டாக ஒட்டியபோது தெரியவில்லை. சேர்ந்து நின்றபோது மாலை போட்டதுபோல் இருந்தது. அப்பா தொட்டியைச் சுற்றித்தான் மாலை அடர்த்தி.

அவளே சொன்னாள், சுவரைப் பார்த்துக்கொண்டே. தொட்டிக்கு நூறடி தள்ளி ஒரு சின்னப் பாலம். அதன் அடியில் டவுன் கடைகளின் கோழிக் கழிவு கொட்டுகிறார்கள். அதற்கு நாய்கள் கூடிவிட்டன. காட்டு விளிம்பிலிருந்து தொட்டிவரை மறைப்பே இல்லாத வெட்டவெளி. பொழுது சாய்ந்தால் மான் தண்ணீருக்கு வரும் என்று நாய்கள் படித்துக்கொண்டன.

"டவுன நானே காட்டுக்குக் கொண்டுபோய் விட்டுட்டேன்" என்றாள்.

"கழிவக் கொட்டுறவன் தப்புதான அது? நீ என்ன பண்ணுவ?"

"பாலத்தடியில கொட்டுறது எனக்குத் தெரியும். வருஷக்கணக்கா அந்த டிரம்மு பின்னாடி போனவ நான். தெரிஞ்சும் அங்க தொட்டி வைக்கச் சரின்னு சொன்னேன்."

அன்று சாயங்காலமே ஊர்க் கூட்டத்தில் எழுந்து சொன்னாள். இடம் பார்த்துச் சொல்ல வேண்டியது என் பொறுப்பு, சொல்லாதது என் தப்பு, எல்லாத் தொட்டியையும் உள்ளே மாற்ற வேண்டும் என்றாள். கழிவு கொட்டுவதை நிறுத்த மனு எழுதிக் கையெழுத்தும் வாங்கினாள். அதற்கெல்லாம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தொட்டி என்றதும்தான் எதிர்ப்பு வந்தது.

"எங்கப்பாவ ஒரு எடத்துல வச்சாச்சு" என்றார் ஒருவர். "வச்சவர எடுக்கறதாவது? மொதல்ல வச்சது உங்க வூடு. மொதல்ல நீங்க எடுங்க, பாப்போம்."

அண்ணன் எழுந்து போனார். வீட்டுக்கு வந்து என்னைத்தான் பிடித்தார்.

"ஏன்டா, டாக்டருக்குப் படிச்ச புள்ள நம்ம வூட்டுல இருக்குன்னு குவாரி முழுக்கச் சொல்லி வச்சிருக்கேன். அது எழுந்திரிச்சி ஊரு முன்னாடி தப்பு பண்ணிட்டேங்குது. நீ பக்கத்துல பொம்ம மாதிரி ஒக்காந்திருக்க."

"அவ சொல்றது நெசம்ண்ணே."

"நெசத்தச் சொல்றதுக்கு ஒரு மொறை இல்ல?"

தண்ணீர் ஊற்றின கை

இப்போது புளியமரத்தடிக்குத் திரும்புகிறேன். அண்ணன் தொட்டிமேல். தனக்கொடி எதிரே. டிராக்டரில் சின்னதுரை. வனத்துறையிலிருந்து வந்த இளவயது கார்டு ஒருவர், எங்கள் குடும்பச் சண்டையில் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் தொப்பியைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.

தனக்கொடி கடப்பாரையைக் கீழே போட்டாள். அண்ணன் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். காட்டன் புடவையெல்லாம் செம்மண்.

"மாமா, இங்க வைக்கக் கூடாதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதான?"

"உங்க மூஞ்சியப் பாத்தேன். சொல்ல வரல."

அண்ணன் ரோட்டைப் பார்த்தார். சிமெண்ட் லாரி ஒன்று போனது. அதன் தூசி எங்கள்மேல் வந்து இறங்கியது.

"அப்ப" என்றார் அண்ணன் மெதுவாக, "நான் அமாவாசைக்கு அமாவாசை வந்து ஊத்துனேனே. அந்தத் தண்ணியக் குடிக்க வந்துதான் அதுங்க செத்துச்சா?"

 இல்லையென்று சொல்லு தனம், என்று மனதுக்குள் கெஞ்சினேன். ஒரு பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும்? நாய் எங்கேயும்தான் கடிக்கும் என்று சொல்லிவிட்டுப் போகலாம். மனுஷன் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்.

அவள் அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஆமாம் மாமா. சிலது அப்படித்தான் செத்துச்சு."

அண்ணன் இரண்டு கையையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டீயரிங் பிடித்துத் தழும்பேறிய கை. கொஞ்ச நேரம் கழித்து, தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீரில் ஒரு கையை நனைத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். எழுந்தார்.

"டேய் தம்பி" என்றார் என்னைப் பார்த்து. "மரத்துக்கு முட்டுக் குடுத்தது போதும். வந்து ஒரு பக்கம் புடி."

துண்டு

அடியைச் சுற்றிப் பெயர்த்து, தொட்டியை டிராக்டரில் ஏற்றினோம். வண்டிப்பாதை கொஞ்சதூரம்தான். அதற்கப்புறம் முள்ளும் கல்லும். இறக்கி, சக்கரம்போல் நிமிர்த்தி, உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும். பட்டறையில் நான் தினமும் செய்கிற வேலை. ஆனால் உருட்டினால் வெளிப்பக்கம்தானே தரையில் தேயும்? பெயர் இருப்பது அங்கேதான்.

"பேரு மண்ணுல படும்டா" என்றார் அண்ணன்.

தோளில் கிடந்த துண்டை எடுத்தார். நான்காக மடித்துப் பெயர்மேல் வைத்து அழுத்திக்கொண்டார். உருட்டும்போது துண்டு நிற்காதே என்று நான் யோசிக்கும்போது தனக்கொடி என் பக்கம் கையை நீட்டினாள். டிராக்டரில் கிடந்த கயிற்றை எடுத்துக் கொடுத்தேன். பழைய குழிக் கயிறு அல்ல, அது எப்போதோ மக்கிவிட்டது. ஆனால் அவள் அதை இழுத்து முடிச்சுப் போட்ட விதம் எனக்குத் தெரிந்ததுதான்.

உருட்டினோம். அப்பா பெயர் துண்டுக்குள் இருந்தபடியே கீழே போனது, மேலே வந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் கீழே போகும்போது அண்ணன் மூச்சைப் பிடிப்பார். இறக்கத்தில் தொட்டி ஓடிவிடப் போகிறதே, யார் காலிலாவது ஏறிவிடப் போகிறதே என்று நான் பின்னாலிருந்து கத்திக்கொண்டே வந்தேன். யாரும் காதில் வாங்கவில்லை.

ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்றபோது அண்ணன் கார்டிடம் பேச்சுக் கொடுத்தார்.

"எங்கப்பன இந்தக் காட்டுலேருந்து வெரட்டியிருக்காங்க தம்பி. வெறகுக்கு வந்தப்ப. அருவாளப் புடுங்கி வச்சிக்கிட்டாங்க."

கார்டு பதறிவிட்டார். "ஐயா, நான் அப்ப பொறக்கவே இல்லீங்கய்யா."

"தெரியும். தள்ளு."

கார்டு தள்ளினார். கொஞ்சம் பலமாகவே தள்ளினார்.

பாறை அடிவாரத்தில் இடம் சமன் செய்து தொட்டியைப் படுக்க வைத்தோம். கயிற்றை அவிழ்த்தோம். துண்டு நார் நாராகக் கிழிந்திருந்தது. பெயரில் பெயிண்ட் கொஞ்சம் போயிருந்தது, ஆனால் படிக்க முடிந்தது. நாங்கள் வந்த பக்கம் பெயர் தெரிகிறமாதிரி நான் தொட்டியைத் திருப்பப் போனேன்.

"வேணாம்டா" என்றார் அண்ணன். மான் இறங்குகிற பாறைப் பக்கம் கையைக் காட்டினார். "அந்தாண்ட திருப்பு. ஆளா வந்து படிக்கப்போவுது இங்க?"

தண்ணீரை வனத்துறை ஆட்களே நிரப்புவார்கள் என்று ஏற்பாடு. தனக்கொடி தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"மாமா, இனிமே அமாவாசைக்கு இங்க வர முடியாது. ஆள் வாடை இருந்தா மானு அண்டாது."

"நெனச்சேன்" என்றார். கேனைத் திறந்து, முதல் தண்ணீரை அவரே ஊற்றினார். பூ கொண்டுவந்திருந்தார். அதைப் போடவில்லை. சட்டைப்பையிலேயே திரும்பக் கொண்டுவந்தார்.

பக்கத்து இடம்

இரண்டு நாள் கழித்து ஒருவர் வீட்டுக்கு வந்தார். அப்பா வாழ்நாளெல்லாம் கூலிக்குப் போன வயல்காரரின் மகன். அவர்கள் அப்பாவுக்கும் ரோட்டோரத்தில் தொட்டி இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"அங்கமுத்து போன எடத்துக்கே எங்கப்பாவயும் கொண்டுபோயிடும்மா. பக்கத்துலயே வச்சிடுங்க" என்றார்.

தனக்கொடி தலையாட்டினாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் தொண்டையைக் கனைத்தார்.

"காட்டுக்குள்ள எங்க வேணா வைங்க. பக்கத்துல மட்டும் வேணாங்க."

"ஏன்ப்பா?"

"அங்கயும் கூப்பிட்டு வேல சொல்லுவாரு."

 வந்தவர் முதலில் சிரித்தார். அதற்குப் பிறகு சிரிக்காமல் அண்ணனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, தள்ளியே வைங்க" என்று சொல்லிவிட்டு, காப்பியை முழுசாகக் குடித்துவிட்டுப் போனார். அந்த வாரமே மற்ற தொட்டிகளும் உள்ளே போயின.

ஹாரன்

தனக்கொடிக்கு இன்னும் கொஞ்ச காலம் சர்வீஸ் இருக்கிறது. துறைத்தலைவர் ஆகிவிட்டாள். வெளியூர்க் கூட்டங்களுக்குக் கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டவர்கள் அவள் சாதித்ததைச் சொல்லச் சொல்கிறார்கள். அவள் அந்தச் சுவர் மேப்பின் போட்டோவைத்தான் முதலில் காட்டுகிறாள். பச்சை மாலையைச் சுட்டி, "இது நான் போட்டது" என்கிறாள். பழைய பொட்டுகளை அவள் பிய்க்கவில்லை. வீட்டில் பொட்டு பாக்கெட் இன்னும் இருக்கிறது, இன்னும் தேவைப்படுகிறது. ஆனால் தொட்டி இருந்த இடங்களில் புதிதாக ஒட்டவில்லை.

பாலத்தடிக் கழிவு ஒரேயடியாக நின்றதா என்று கேட்டால், இடம் மாறியது. அவள் ஸ்கூட்டியும் பின்னாடியே மாறியது.

போன மாதம் அரியலூரில் எனக்கொரு வேலை. திரும்பும்போது அண்ணன் லாரியில் ஏறிக்கொண்டேன். பின்னால் கல். அண்ணன் வண்டி வருகிறதென்றால் ஹாரனிலேயே ஊர் தெரிந்துகொள்ளும். ஆடு, சைக்கிள், நிழல், எதைப் பார்த்தாலும் அடிப்பார்.

பொழுது சாய்கிற நேரம். எங்கள் ஊருக்கு முந்தின வளைவு தாண்டியது, புளியமரம் தெரிந்தது. அண்ணன் ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டார். வேகத்தையும் குறைத்தார். முன்னால் ஒரு டிராக்டர் ரோட்டை அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. பின்னால் ஒரு பஸ் எங்களை நெருக்கிக்கொண்டு வந்தது. டிராக்டர்காரன் திரும்பியே பார்க்கவில்லை. நான் இல்லாத பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்தேன்.

"ண்ணே, அடிங்க. ஒரு தடவ அடிங்கண்ணே. பயமா இருக்கு."

அண்ணன் காட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, டிராக்டருக்குப் பின்னால் அப்படியே ஊர்ந்தார்.

"சும்மா வாடா" என்றார். "தண்ணி குடிக்கிற நேரம்."